வழி கேட்ட செவிலி

செவிலி என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சித்தப்பா. அதுவரை எங்கள் ஊரில் யார் வாயிலும் அது புழங்கியதில்லை. பரமக்குடியிலிருந்து மாட்டுவண்டி போகிற தூரத்தில், மிளகாயும் பருத்தியும் விளைகிற பூமி. பழைய பாட்டுச் சொல்லுக்கு அங்கே என்ன சோலி கிடக்கிறது? சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு ஒன்பது வயசு.

சித்தப்பா, அய்யாவின் கடைசித் தம்பி. பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். புலவர் பரீட்சையில் தேறி, பெரிய பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராகி, தோளில் துண்டு போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வத்தல் காயும் களத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி பாடத்தை உருப்போடுவார். ஊரில் பாதிப் பேருக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு, மீதிப் பேருக்கு மரியாதை. எனக்கு இரண்டும் இருந்தது.

அவருக்கு ஒரு குணம் உண்டு. கேள்வி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும், பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அய்யாவைப் பார்த்து யாராவது "வெதைக்க நாள் எப்ப நல்லாருக்கு?" என்று கேட்டால், அய்யா வாயைத் திறக்குமுன் சித்தப்பா திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்திருப்பார். "ஏலே, மூச்சு விட்டுட்டுச் சொல்லுடா, யாரு பிடுங்கிட்டுப் போகப்போறா" என்பார் அய்யா.

அந்த மாசியில் அவர் உருப்போட்டது அகப்பாட்டுகள். களத்தில் உட்கார்ந்து மிளகாய் வத்தலில் வெளுத்துப்போன சோடையைப் பொறுக்கிக்கொண்டிருந்த எங்கள் காதிலும் அது விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பாட்டுகளில் வருகிற பெண்ணுக்கு இரண்டு தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. ஒருநாள் அந்தப் பெண் தனக்குப் பிடித்தவனோடு யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுப் போய்விடுகிறாள். அதற்குப் பெயர் உடன்போக்கு. பெற்றவள் வீட்டிலேயே இருந்து அழுவாள். வளர்த்தவளுக்கு அது முடியாது. அவள் வெயிலில் இறங்கி நடப்பாள். எதிரே வருகிறவர்களை நிறுத்தி, இந்தச் சாடையில் ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா, கூட ஒரு பையன் வந்தானா, அவள் கால் நோகாமல் நடந்தாளா என்று கேட்டுக்கொண்டே போவாள். இந்த இடம் வந்தால் சித்தப்பாவுக்குக் குரல் கம்மிவிடும். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அது நடிப்பில்லை, அதை இன்றைக்கும் சொல்வேன்.

"அப்பன்னா நம்ம அத்தைதான் செவிலியா சித்தப்பா?" என்று நான் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடி என் சிங்கக்குட்டி! அதேதான். பாட்டுல இருக்க செவிலிய நாம வீட்டுக்குள்ளயே வச்சிருக்கோம்ல!"

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி அது செவிலி? கெட்ட வார்த்தை எதுவும் பழக்கிவிடுறானா?"

அத்தை, அய்யாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகி மறுவருஷமே புருஷனையும், பிறந்த பச்சைப்பிள்ளையையும் அம்மைக்குப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அவள் வந்த மாதம்தான் அக்கா பிறந்தாள். அம்மாவுக்குப் பேறுகாலக் காய்ச்சல் வந்து பிழைப்பதே சந்தேகமாகக் கிடந்தாள். அழுகிற பிள்ளையை அத்தை தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுத்தாளாம். அன்றைக்குப் பிடித்தவள்தான், பிறகு அம்மா எழுந்து நடமாடினபோதும் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அக்காவுக்குத் தலை பின்னுவது, காய்ச்சலுக்குப் பத்தியம் வைப்பது, கோபம் வந்தால் முதுகில் ரெண்டு வைப்பது எல்லாம் அத்தைதான். நான் அம்மாவின் பிள்ளை, அக்கா அத்தையின் பிள்ளை என்று வீட்டில் ஒரு கணக்கு. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அக்கா அதிகம் பேசமாட்டாள். ஆனால் அன்றைக்குச் சோடை பொறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஒரு கேள்வி கேட்டாள். "போன பொண்ணு திரும்பி வந்தா வீட்ல சேத்துக்குவாகளா சித்தப்பா?"

சித்தப்பாவா பதிலுக்கு யோசிக்கிற ஆள்? "சேக்காம? ஆளனுப்பிக் கூட்டியாந்து, பெத்தவுக வீட்லயே கல்யாணம் முடிச்சு வைப்பாக. அதுவும் பாட்டுல இருக்கு. நம்ம ஆளுக அந்தக் காலத்துல அம்புட்டுப் பெரிய மனசுக்காரவுக."

அக்கா ஒரு நல்ல வத்தலைச் சோடைக் கூடையில் போட்டாள். அத்தை அவள் கையில் ஒரு தட்டுத் தட்டி, அதை எடுத்து மாற்றிப் போட்டாள்.

அந்த மாசி பாதி ஆவதற்குள் அக்கா போய்விட்டாள். பரமக்குடி பருத்தி மண்டியிலிருந்து எங்கள் களத்துக்கு எடை போட வருகிற பையனோடு. அவன் எங்கள் ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க முடியாதவன், அவனுக்கு வாசலில் நின்று கைகுவித்துத்தான் தண்ணீர். சொந்த ஊர் ராமேசுவரம் தீவில் அக்காள்மடம் என்றார்கள். வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அம்மா அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சொந்தக்காரர்கள் வந்து கூடிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு சின்னப் பெருமை, வந்தவர்களுக்கு விஷயத்தைச் சரியான சொல்லில் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. "அக்கா உடன்போக்கு போயிருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன்.

சித்தப்பா என்னை அறைந்தார். அவர் என்மேல் கைவைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கன்னம் எரிந்ததைவிட, சரியான விடை சொன்னதற்கு அடி விழுந்ததுதான் பெரிய அநியாயமாக இருந்தது.

சில நாள் கழித்து ஒரு வண்டிக்காரர் வந்து சித்தப்பாவைத் தனியே களத்துக்குக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து அய்யாவிடம் பேசினார். அன்றைக்கே அவர்கள் இருவரும் பங்காளிகள் சிலரும் புறப்பட்டுப் போனார்கள். திரும்பி வந்தது ஒரு மதியம். வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். வெயிலில் வந்திருக்கிறார்களே என்று நானே ஓடிப்போய்த் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

"கெடைக்கலை. கொழும்புக்குக் கப்பலேறிட்டாக போல" என்றார் சித்தப்பா.

அத்தை அன்றைக்குப் பட்டினி. ஏகாதசிக்கு ஏகாதசி அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பட்டினியில் சோர்ந்து கிடந்தவள் கொழும்பு என்றதும் எழுந்து உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் தனுஷ்கோடியில் கப்பலேறினால் அக்கரை. அத்தைக்குத் தெரிந்த யார் யாரோ அங்கே போய்ப் பிழைத்திருந்தார்கள். "எங்கிட்டோ நல்லா இருக்கட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் அருகிலிருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

இப்படிப் போன பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. செத்தவளுக்குச் செய்வதுபோல் வீட்டார் எல்லோரும் தலை முழுகிவிட வேண்டும். முழுகினால் அவள் நமக்கு இல்லை என்று ஆகும். அதன் பிறகுதான் ஊரார் நம் வீட்டில் கை நனைப்பார்கள். சித்தப்பாவுக்கு அப்போது பெண் பேசிக்கொண்டிருந்தார்கள், அதுவும் இந்த முழுக்குக்காகக் காத்துக் கிடந்தது. சாதாரணமாக ஊர்க் கண்மாயிலோ கிணற்றடியிலோ முடிகிற காரியம் இது. ஆனால் அய்யா, "கம்மாயில வேணாம். ராமேசுவரத்துல போயி முழுகிட்டு வந்துருவோம்" என்றார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அவள் வீட்டிலேயே முழுகிக்கொள்ளட்டும், வளர்த்தவள் வந்தால் போதும் என்றார்.

அத்தை மறுத்துவிட்டாள். அவள் அய்யாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"நான் முழுக மாட்டேண்ணே. வீட்ல ஒரு ஆளாவது முழுகாம இருக்கணும்ல. நாளைப்பின்ன அவ கையில பிள்ளையோட வந்து வாசல்ல நின்னா யாரு கதவத் தெறக்குறது? முழுகுனவுக தெறக்கக்கூடாது. நான் தெறக்கணும்ல!"

அய்யா கத்தினார். முழுகாவிட்டால் நீயும் இந்த வீட்டில் இருக்க முடியாது, எங்கே போவாய் என்று கேட்டார். போக இடமில்லாதவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் மறுநாள் அவளே வந்து, "ராமேசுவரம் வாரேன். முழுகுறதை அங்கன பாத்துக்குவோம்" என்றாள். என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அடம் பிடித்தாள். எனக்கு ரகசியம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. ராமேசுவரம் போகிற வழியில்தானே அக்காள்மடம் இருக்கிறது! பேரிலேயே அக்காவை வைத்திருக்கிற ஊரில் அக்கா இல்லாமல் எப்படிப் போவாள் என்று நானும் நம்பினேன்.

பரமக்குடியில் ரயிலேறினோம். அய்யா, சித்தப்பா, அத்தை, நான். எனக்கு அது முதல் ரயில். தூக்குச்சட்டியில் புளிச்சோறு இருந்தது. இந்த முழுக்கு மட்டும் இல்லையென்றால் திருவிழாவுக்குப் போகிறோம் என்றே நினைத்திருப்பேன். ஆண்கள் இருவரும் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து வந்தார்கள். சித்தப்பா உருப்போடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

ராமநாதபுரத்தில் அத்தை ஆரம்பித்தாள். ஏறுகிறவர், இறங்குகிறவர், கருவாட்டுக் கூடைக்காரி, குழந்தையோடு நின்ற துலுக்கப் பெண் என்று ஒருவர் பாக்கியில்லை. "ஆத்தா, செவத்த பொண்ணு, இடது புருவத்துல ஒரு தழும்பு. கூட ஒரு ஒல்லிப் பையன். இந்தப் பக்கம் பாத்தியளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியே பாட்டில் வருகிற மாதிரியே கேட்கிறாளே! அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சித்தப்பா பாட்டு சொன்னபோதும் வத்தலில்தான் கண்ணாக இருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது இவளுக்கு? நான் சித்தப்பாவைப் பார்த்தேன், அவர் கண் கலங்கும் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தபோது கீழே கடல். நான் பயத்தில் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். பாம்பனில் வண்டி நின்றது. அவித்த கடலை விற்ற ஒரு பொம்பளை ஜன்னலுக்கு வந்தாள். அத்தை அவளிடமும் கேட்டாள். மண்டியில் எடை போட்ட பையன், அக்காள்மடத்துக்காரன் என்றதும் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

"நான் அந்தூருதான் ஆத்தா. அந்தப் பையன் இங்கன வரவே இல்லையே. அவன் ஆத்தாளும்ல எம்புள்ளையப் பாத்தியளா, எம்புள்ளையப் பாத்தியளான்னு பாக்குறவுகள எல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியுறா."

அத்தை ஒரு கணம் திகைத்தாள். பிறகு தேறிக்கொண்டு, "கொழும்புக்குத்தான் போயிருப்பாக. போனதும் தகவல் வரும்னு சொல்லு ஆத்தா, அழுவ வேணாம்னு சொல்லு" என்றாள். வண்டி நகர்ந்த பிறகு என்னிடம் குனிந்து, "பாத்தியாடி, நான் சொல்லல? அக்கரைக்குப் போயிட்டாக" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

ராமேசுவரத்துக் கடல் குளம் மாதிரி கிடந்தது. கரையெங்கும் ஈர வேட்டிகளும் எள்ளும் தர்ப்பையுமாக இருந்தது. அய்யா ஒரு புரோகிதரைப் பிடித்தார். மணலில் இலையைப் போட்டு உட்கார வைத்தார்கள். அத்தை எட்டவே நின்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. "நான் முழுக மாட்டேன். நீயும் முழுகாதடி. வீட்டுக்கு ரெண்டு ஆளா இருப்போம்" என்று காதோடு சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கரையில் கூட்டம், புரோகிதருக்கு அவசரம். "பேரு சொல்லுங்கோ. நட்சத்திரம். என்னைக்குத் தவறினா, திதி என்ன?" என்று அடுக்கிக்கொண்டே போனார். பேரையும் நட்சத்திரத்தையும் அய்யா முனகினார். திதிக்கு வந்ததும் அவர் வாய் நின்றது.

"மாசி, தேய்பிறை ஏகாதசி" என்றார் சித்தப்பா.

கேள்வி காதில் விழுந்துவிட்டதே, என்ன செய்வார் பாவம். வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அவர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

அத்தை என் கையை விட்டுவிட்டாள். இலைக்கு முன்னால் போய் நின்று, மெதுவாக, பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஏலே தம்பி, உசுரோட இருக்கவளுக்கு ஏதுடா திதி?"

அவர் பதில் சொல்லவில்லை. என் வாழ்நாளில் சித்தப்பா பதில் சொல்லாமல் விட்ட ஒரே கேள்வி அது. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் பட்டினி. நீங்க வந்தீக. கெணத்தடியில தலைக்கு ஊத்துனீக" என்றாள் அத்தை. அய்யா, "சும்மா இரு தாயி, நாலு பேரு பாக்குறாக" என்றார். அவர் குரல் கெஞ்சுகிற குரலாக இருந்தது. அத்தை சத்தம் போடவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அப்படியே திரும்பிக் கடலைப் பார்க்க நடந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கட்டிய சேலையோடு இடுப்பளவு தண்ணீர்வரை போனாள். பிறகு முழுகினாள். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. வந்து, மறுபடி முழுகினாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. முழுகமாட்டேன், முழுகமாட்டேன் என்று சொல்லி என்னையும் கூட்டுச் சேர்த்துவிட்டு, கடைசியில் யாரும் கையைப் பிடித்து இழுக்காமலேயே போய் முழுகிவிட்டாளே! இனிமேல் அக்கா வந்தால் கதவு திறக்க நான் ஒருத்திதான் மிச்சம் என்று கரையில் நின்று அழுதேன். அய்யா என்னைத் தண்ணீருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கடித்து வைத்தேன்.

மற்றதெல்லாம் பெரியவளான பிறகு துண்டு துண்டாகத் தெரிந்தது. வண்டிக்காரர் கொண்டுவந்த செய்தி அக்கா அனுப்பியது. இன்ன இடத்தில் இருக்கிறோம், சித்தப்பா வந்து கூட்டிக்கொண்டு போகட்டும், அவர் வந்தால் நாங்கள் வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தாள். வீட்டில் எத்தனையோ பேர் இருக்க, அவள் அவரைத்தான் நம்பினாள். பாட்டு சொல்லி அழுதவராயிற்றே. அவர் போனார், கூட அய்யாவையும் பங்காளிகளையும் அழைத்துக்கொண்டு. இரண்டு பேரையும் அவர்கள் கொன்றார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கொன்ற பிறகு அய்யாவைப் பயம் பிடித்துக்கொண்டது, கல்யாணமாகாத பிள்ளை, ஆவி கரையேறாமல் வீட்டைச் சுற்றுமே என்று. அந்தப் பயத்தில்தான் ராமேசுவரம். ஊர்க் கண்மாயில் முழுகியிருந்தால் அத்தைக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. அம்மாவுக்கு முன்பே தெரியுமா என்று நான் அவள் சாகிறவரை கேட்கவில்லை. சித்தப்பா புலவர் பரீட்சை எழுதவே இல்லை. அந்தப் பாட்டுகளைப் பிற்பாடு நானே படித்தேன், செவிலி நடந்து போவதும் கேட்பதும் எல்லாம் அவர் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது.

ஆனால் அன்றைக்குத் திரும்புகிற ரயிலில் எனக்கு இதொன்றும் தெரியாது. அத்தை ஈரச் சேலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கோபத்தில் அவளோடு பேசவில்லை. அவளும் ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை. பாம்பனில் வண்டி நின்றதும் அந்தக் கடலைக்காரி எங்களைத் தேடிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன ஆத்தா, பொண்ணப் பத்தி எதுவும் துப்புக் கெடைச்சுச்சா?"

"கெடைச்சிருச்சு ஆத்தா" என்றாள் அத்தை. "அந்தப் பையனோட ஆத்தாகிட்டயும் சொல்லிரு. இனிமே தேட வேணாம்னு சொல்லிரு."

கடலைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கோ கோபமெல்லாம் பறந்துவிட்டது. அந்தப் புரோகிதர்தான் ஏதோ கணக்குப் போட்டு அக்கா இருக்கிற இடத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டில் வருகிற செவிலிக்குக்கூட வழியில் யாரும் இப்படிக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, எங்கள் அத்தை கண்டுபிடித்துவிட்டாள். நான் அவள் ஈர மடியில் ஏறி உட்கார்ந்து, அக்கா எப்ப வரும் அத்தை, எப்ப வரும் என்று பரமக்குடி வருகிறவரை கேட்டுக்கொண்டே வந்தேன்.